வீட்டுப்பாடம் எந்த வீட்டுக்கு?

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

யூபிலி விழாவிலே பழம்பெருமை பேசுவது வழக்கம். கோயில் எழும்பிய வரலாற்றை எங்களுக்கு முன் பேசிய பெரியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். ஆசிரியப் பணியில் இருக்கும் எங்களைக் கல்வியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். கல்வி பெரிய கடல். அதிலே ஒரு கை நீரை மட்டும் அள்ளிக்கொள்கிறோம். பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாமா, கூடாதா? சின்ன சங்கதிதானே என்று நினைப்பவர்கள், விளக்கு வைத்த பிறகு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு தாயும் பிள்ளையும் மல்லுக்கு நிற்பதைக் கேட்கலாம்.

வீட்டுப்பாடம் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டிலே ஒரு மேசையும் நல்ல விளக்கும் உண்டு; மாலையில் ஓய்வாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, படித்த பெரியவர் ஒருவரும் உண்டு. பாடம் கொடுக்கிறவர் மனத்தில் இருப்பது அந்த வீடுதான். நம் குருவிநத்தத்திலும் சேலியமேட்டிலும் மங்கலத்திலும் உறுவையாறிலும் எத்தனை வீடுகள் அப்படி இருக்கின்றன? தகப்பனார் மேட்டுப்பாளையத்திலோ சேதராப்பட்டிலோ கம்பெனியில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார். பிள்ளை விழித்திருக்கும்போது அவர் இருப்பதில்லை; அவர் இருக்கும்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில். தாயார் நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்த் திரும்பி, அதன் பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும். ஒரே அறை. அதிலேதான் தொலைக்காட்சி, அதிலேதான் கைக்குழந்தை, அதிலேதான் படுக்கை. மூத்தது பெண்ணாக இருந்தால் சொல்லவே வேண்டாம். உலை வைப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவள் தலையில். அவள் நோட்டைத் திறக்கும்போது ஊர் அடங்கிப் போயிருக்கும்.

மறுநாள் காலையில் வகுப்பிலே என்ன நடக்கிறது? எழுதி வந்தவர்கள் உட்காருகிறார்கள், எழுதாதவர்கள் எழுந்து நிற்கிறார்கள். பத்துத் தடவை எழுது என்று இம்போசிஷன் விழுகிறது. இன்று எழுத நேரமில்லாத பிள்ளைக்கு நாளை பத்து மடங்கு எழுத நேரம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை எழுதாமல் வந்தது சோம்பலாலா, சோறு வடித்ததாலா என்று நோட்டுப் புத்தகம் சொல்லாது. இரண்டுக்கும் ஒரே சிவப்பு மை. திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகளில் பாதிப் பேரின் நோய் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொரு சங்கடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2023-24 கல்வியாண்டிலே நம் புதுவை அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. 2025இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதன்முறையாக அந்த வாரியத்தின் தேர்வை எழுதினார்கள். மாற்றம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. தமிழ் வழியிலே பத்து வரை நன்றாகப் படித்த ஒரு தாயார், நேற்றுவரை மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், இன்று ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு 'எனக்கு ஒண்ணும் புரியலைப்பா' என்று கையை விரிக்கிறார். மகன் கண்ணிலே அவர் படிக்காதவராகி விடுகிறார். இந்த இழப்பை எந்த மதிப்பெண் பட்டியலிலும் காண முடியாது.

ஆகவே டியூஷன். கையில் காசு புரளும் வீட்டுப் பிள்ளை டியூஷன் அக்காவிடம் போய் எழுதிக்கொண்டு வருகிறது. புராஜெக்ட் என்று ஒன்று கொடுக்கிறார்கள். அதற்குச் சார்ட்டு, தெர்மாகோல், நெட் சென்டரில் வண்ணப் படம். கடைக்காரரும் தகப்பனாரும் சேர்ந்து செய்த வேலைக்குப் பிள்ளைக்கு மதிப்பெண். கடைக்காரருக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும்! நாம் அளப்பது பிள்ளையையா, வீட்டையா? பணக்கார நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. என்ற அமைப்பு 2012ஆம் ஆண்டு பதினைந்து வயது மாணவரிடையே நடத்திய ஆய்விலும் இந்த வேறுபாடு தெரிந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வசதியற்றவர்களைக் காட்டிலும் வாரத்துக்குச் சுமார் 1.6 மணி நேரம் அதிகமாக வீட்டுப்பாடம் செய்கிறார்கள். மேசையும் விளக்கும் உள்ள நாடுகளிலேயே இந்தக் கதை.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுப்பாடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். வாய்ப்பாடும் கையெழுத்தும் பழகப் பழகத்தான் வரும். அந்நாளைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் நேற்று கற்றதை இன்று காலையில் ஒப்பிக்க வேண்டும். அப்படி வந்த எண்சுவடிதான் நம் பாட்டன்மார் நாவிலே சாகும்வரை நின்றது. அமெரிக்காவிலே டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2006இல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், மேல் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு நன்கு தெரிகிறது, சிறு வகுப்புகளிலோ அது மிகவும் சொற்பம். பெற்றோர் சொல்லும் நியாயமும் எங்களுக்குத் தெரியும். 'ஒண்ணும் குடுக்கலைன்னா செல்போனை வச்சிக்கிட்டு உக்காந்துடுதுங்க சார்' என்கிறார்கள். உண்மைதான்.

சட்டமும் திட்டமும் பேசாமல் இல்லை. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் பேசிய முதல் பேச்சே புத்தக மூட்டை சுமக்கும் பிள்ளைகளைப் பற்றியதுதான். பின்னர் விஞ்ஞானி யஷ்பால் தலைமையிலே குழு அமைந்து 1993இல் அறிக்கை தந்தது. ஆரம்ப வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கண்டறிகிற வேலை மட்டும் இருக்கட்டும் என்றது அந்த அறிக்கை. நமக்கும் சேர்த்து நீதி வழங்கும் சென்னை உயர்நீதிமன்றத்திலே நீதியரசர் என். கிருபாகரன் 2018 மே 29 அன்று, ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை மணிக்கணக்கே போட்டுக் கொடுத்தது: இரண்டாம் வகுப்பு வரை ஒன்றும் இல்லை, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு 2 மணி, ஆறு முதல் எட்டு வரை நாளைக்கு 1 மணி, அதற்கு மேல் நாளைக்கு 2 மணி. சிறு பிள்ளைகளை, நேற்று மாலை என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பிலே பேசவிடுங்கள் என்றும் அதிலே இருக்கிறது. நல்ல யோசனை. எத்தனை பெற்றோருக்கு இந்தக் கணக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் பள்ளியிலே போய்க் கேட்டதுண்டா? கேட்கலாம், தவறில்லை.

இங்கே புதுவைக்காரருக்கு மட்டும் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர் ஆட்சி நம்மை விட்டுப் போனது 1954 நவம்பர் 1. பிரான்சிலே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடமே கூடாது என்று கல்வி அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது 1956 டிசம்பர் 29. இரண்டு வருஷத்திலே நம் பிள்ளைகளுக்குத் தப்பிவிட்டது! நாளெல்லாம் ஒழுங்காக வகுப்பு நடந்தால் அதுவே போதும், அதற்கு மேல் களைப்புத்தான் மிஞ்சும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் அங்கேயும் ஆசிரியர்கள் கொடுப்பதை நிறுத்தவில்லை, பெற்றோர்கள் கேட்பதையும் நிறுத்தவில்லை. 1994இல் அதே தடையைத் திரும்பவும் சொல்ல வேண்டி வந்தது. கடைசியில் 2017 நவம்பரிலே நடுநிலைப் பள்ளிகளுக்கு வேறு வழி கண்டார்கள். வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே, பெரியவர் ஒருவர் துணையோடு முடித்துவிட்டு வீட்டுக்குப் போவது என்ற ஏற்பாடு அது.

எங்களைக் கேட்டால் சரியான வழி இதுவே என்போம். பாடம் இருக்கட்டும், அதைச் செய்யும் இடம் மாறட்டும். இதை அரசாங்கங்களுக்கு வெகு காலம் முன்பே செய்து காட்டியவர் ஒரு பங்குச் சுவாமி என்பதை இந்த மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? இத்தாலியிலே பார்பியானா என்ற மலைக் கிராமம். 1954 டிசம்பரிலே லொரேன்சோ மிலானி என்ற குரு அங்கே அனுப்பப்பட்டார். சில குடியானவர் வீடுகள், ஒரு கோயில், அவ்வளவுதான். அரசுப் பள்ளியிலே தேறாமல் தள்ளப்பட்ட பிள்ளைகளைத் தம் பங்கு இல்லத்திலே சேர்த்துக்கொண்டு, காலை முதல் மாலை வரை, விடுமுறை என்பதே இல்லாமல் படிக்க வைத்தார். பின்தங்கியவன் தேறும்வரை மற்றவர்களும் அவனுக்காக நின்றார்கள். அந்தப் பிள்ளைகள் எட்டுப் பேர் கூடி ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967 மே மாதம் புத்தகமாக வந்தது. டாக்டர் மகனுக்கு வீட்டிலேயே கிடைப்பதைக் குடியானவன் மகனுக்குப் பள்ளி தர வேண்டும், அதற்காகப் பள்ளி நாள் முழுதும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அடுத்த மாதம் 26ஆம் தேதி சுவாமி மிலானி இறந்தார், வயது 44. உயிரோடிருந்தபோது மேலிடத்தாரிடம் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மனத்தாங்கல்தான். 2017 ஜூன் 20 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அந்த மலையேறிப் போய் அவர் கல்லறையிலே செபித்தார்.

அது தூர தேசம் என்பீர்களானால், பக்கத்திலே பாருங்கள். கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் படித்ததையும் மறந்த பிறகு, தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இடம் மரக்காணத்துக்கு அருகே முதலியார்குப்பம். நம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். மாலையிலே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், அந்தந்தத் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், சுற்றிலும் பிள்ளைகள். பெரும்பாலோர் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள். நம் ஊர்களிலும் பட்டம் பெற்றுவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்களுக்குக் குறைவில்லை.

இன்னும் பக்கத்திலே வேண்டுமானால் பாகூரே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலே பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, மூன்று ஊர்களை அங்கிருந்த கல்விச்சாலைக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. அந்தச் சாலைக்குள்ளே யார் போகலாம், யார் போக முடியாது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஆயினும் படிக்க ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ஊர் செலவழிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதியதல்ல.

ஆகவே பங்குப் பேரவையின் முன் எங்கள் கோரிக்கையை வைக்கிறோம். நம் பங்கு மண்டபம் கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் திறக்கிறது. மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அதைப் படிக்கும் இடமாகத் திறந்துவிட வேண்டும். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரலாம். காசு வாங்கக் கூடாது. ஞானோபதேச வகுப்பு அந்த நேரத்தில் வேண்டாம், அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அங்கே திரும்பவும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சந்தேகம் கேட்டால் சொல்ல ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். ஆசிரியர்கள் நாங்கள் முறை வைத்து வருகிறோம். கல்லூரிப் பிள்ளைகளும் வர வேண்டும். தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூத்த பெண்ணை அந்த இரண்டு மணி நேரம் அடுப்படியிலிருந்து விட்டுவிடுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வரட்டும், ஒரு மூலையிலே விளையாடிக்கொண்டிருப்பான். எட்டு மணிக்குப் பெண் பிள்ளைகளைத் தெருவாரியாக வீடு சேர்க்க மரியாயின் சேனையார் பொறுப்பேற்றால் நல்லது.

மண்டபத்தில் இப்போது நான்கு விளக்குகள்தான் எரிகின்றன. கிழக்குப் பக்கம் இருட்டு. இன்னும் நான்கு வேண்டும், கரண்டுக் கட்டணத்துக்கும் வழி செய்ய வேண்டும். விளக்குக்குப் பணம் தருகிறவர்களும் வாரத்தில் ஒரு மாலை வந்து உட்காரக் கூடியவர்களும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். சாவி அவரிடம்தான் இருக்கிறது.