இரண்டு ஊர்களில் ஒரே ஏடு

தமிழகத்தினின்றும் பெங்களூருவில் வந்து குடியேறிய நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. பூர்வீக வீட்டின் மூலப்பத்திரம் அல்சூரிலுள்ள வீட்டுப் பெட்டியில் இருக்கும்; அதன் நகல் ஊரில் தமையனாரிடமோ தாய்மாமனிடமோ இருக்கும். இங்கே தீப்பிடித்தாலும், அங்கே கரையான் அரித்தாலும், எஞ்சியதைக் கொண்டு காரியம் பார்க்கலாம் என்பது நம் எண்ணம். எண்ணம் சரியே. ஆனால் நகல் எடுத்த பின்னர் பாகப்பிரிவினை ஒன்று நடந்திருப்பின், ஊரிலுள்ள தாள் பழைய கதையைத்தான் சொல்லும். கணினி உலகின் பெருஞ்சிக்கல் ஒன்று இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஆதார் எண் இல்லாதவர் இன்று நம்மில் அரியர். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் அவ்விவரங்களைக் காக்கும் தரவு மையங்களுள் ஒன்று நாம் வாழும் இந்நகரில் இருக்கிறது. மற்றொன்று ஹரியானாவிலுள்ள மானேசரில் இருக்கிறது. இடையே ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். ஒரு வெள்ளமோ, நிலநடுக்கமோ, தீயோ இரண்டையும் ஒருசேரத் தாக்கலாகாது என்பதே இத்தகைய தொலைவின் நோக்கம். தென்கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பரில் அரசின் தரவு மையம் ஒன்று தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளை வைத்திருந்த சேமிப்பகத்தில் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வேறிடத்தில் பிரதி இல்லை.

ஆயின், தொலைவுக்கும் ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையினூடே ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். பெங்களூருவிலிருந்து மானேசர் சென்று மீளவே, நொடியின் ஆயிரத்தில் 17 கூறு ஆகிவிடும். நமக்கு அது ஒரு பொருட்டன்று. நொடிக்குப் பல்லாயிரம் பதிவுகளை எழுதும் சேமிப்பகமோ, ஒவ்வொன்றுக்கும் அவ்வாறு காத்திருந்தால் தவழத் தொடங்கிவிடும்.

ஆகவே பிரதி எடுப்பதில் இரு முறைகள் வகுத்துள்ளனர். ஈரிடத்தும் எழுதி முடித்த பின்னரே ‘முடிந்தது’ என்று சொல்வது ஒரு முறை. இதில் இழப்பில்லை, ஆனால் இரு நிலையங்களும் அருகருகே இருத்தல் வேண்டும். இங்கே எழுதியவுடன் ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, அங்கே பின்னர் அனுப்புவது மற்றொரு முறை. எவ்வளவு தொலைவும் செல்லலாம். ஆனால் விபத்து நேருங்கால், வழியிலிருந்த கடைசிச் சில நொடிகளோ நிமிடங்களோ போயின. நம் பத்திர நகல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் இடைவெளி ஆண்டுக்கணக்கு, அவ்வளவே.

இரண்டையும் ஒருங்கே அமைத்துக்கொண்டது மும்பையின் தேசியப் பங்குச் சந்தை. அண்மையில் ஓர் உடனடிப் பிரதி. சென்னையில் ஒரு தொலைப் பிரதி. இவ்வளவும் இருந்தும் 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40 மணிக்கு வாணிபம் நின்றது. முதன்மை நிலையத்தையும் அண்மை நிலையத்தையும் இணைத்த தொலைத்தொடர்பு வழிகள் தடுமாறின. இணைப்பு அறுந்தால் முதன்மைச் சேமிப்பகம் தனியே இயங்கியிருக்க வேண்டும். அதுவோ தன் கணினிகளுக்கே எட்டாமற் போயிற்று. காப்புக்கென்று கட்டிய கயிறே காலைத் தடுக்கிய கதை! சென்னைக்கு மாறவும் இல்லை. ஏன் மாறவில்லை என்று செபி விளக்கம் கேட்டது. மாலை 3.45 மணிக்குத்தான் வாணிபம் மீண்டும் தொடங்கியது.

பிரதி உடனுக்குடன் செல்வதிலும் ஒரு தீங்கு உண்டு. அது நல்லது கெட்டது அறியாது. இங்கே ஒரு கோப்பைத் தவறாக அழித்தால் அங்கேயும் அக்கணமே அழியும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளுட் புகுந்த விஷமிகள் தரவுகளைப் பூட்டிவிட்டனர். ஏறத்தாழ இரு வாரங்கள் நோயாளிகளின் பதிவு, பரிசோதனை முடிவு யாவும் கைகளாலேயே எழுதப்பட்டன. இறுதியில் கைகொடுத்தது, தாக்குதல் தீண்டாதிருந்த ஒரு காப்புக் கணினி. அதிலிருந்தே நோயாளிகளின் தரவுகள் மீட்கப்பட்டன. எனவே ஓடும் பிரதியோடு, நேற்றைய நிலை, முந்தைய வாரத்து நிலை என அசையாப் படிகளைத் தனியே ஒதுக்கிவைப்பதும் இன்றியமையாதது என்பது நம் கருத்து.

மும்பை நிகழ்ச்சிக்குப் பின் 2021 மார்ச்சில் செபி விதியை இறுக்கியது. முக்கிய அமைப்பு பழுதுற்றால் 30 நிமிடங்களுக்குள் பேரிடர் என அறிவித்து, அதிலிருந்து 45 நிமிடங்களுக்குள் பணியை மீட்க வேண்டும். எழுத்தில் இருப்பது நடைமுறைக்கு ஒத்து வருமா என்று பார்க்க ஒத்திகை வேண்டுமன்றோ? 2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறை நாளாயினும் சந்தை திறந்தது. காலை 9.15 முதல் 10 மணிவரை முதன்மை நிலையத்திலிருந்து வாணிபம் நடந்தது. பிறகு எல்லாவற்றையும் தொலை நிலையத்துக்கு மாற்றினர். 11.30 முதல் ஒரு மணி நேரம், அசல் பணத்தோடு, அசல் பங்குகளோடு, அங்கிருந்தே வாணிபம் நடந்தேறியது.