செபமாலையைப் பொருளுணர்ந்து ஓதுதல்

(அம்பத்தூரிற் கூடிய சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அக்டோபர் திங்கள் கத்தோலிக்கர்க்குச் செபமாலைத் திங்களாகும். 1883ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் பாப்பரசர் இத்திங்களைச் செபமாலைக்கென்று வகுத்தனர். ஆதலின் அதனைப்பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். நம் சங்கத்திற் கத்தோலிக்கரும் உளர். சைவ வைணவ நெறி நிற்போரும் உளர். எனினும் மணியுருட்டி இறைவனை நினைத்தல் எவர்க்கும் புதிதன்று. உருத்திராக்க மாலைக்கும் துளசி மாலைக்கும் 108 மணி; இசுலாமியரின் தஸ்பீஹ் மாலைக்கு 99 மணி. ஆகவே யான் கூறப்புகும் பொருள் ஒரு சாரார்க்கே உரியதன்று. நா ஓதுகின்றது, நெஞ்சு எங்கே நிற்கின்றது? இதுவே நாம் ஆராயவேண்டுவது.

முதலில் எண்ணைக் காண்போம். முற்காலத்தில் ஐரோப்பிய மடங்களிற் துறவிகள் 150 சங்கீதங்களையும் ஓதிவந்தனர். எழுத்தறியாத உழவரும் தொழிலாளரும் அவற்றை ஓதவியலாராய், அவற்றிற்கு ஈடாக 150 முறை பரலோக மந்திரத்தையும், பின்னர் மங்கள வார்த்தை மந்திரத்தையும் மணிகளைக்கொண்டு எண்ணி ஓதினர். ஏட்டுக் கல்வி இல்லார்க்கு வாய்த்த ஏடே செபமாலை என்க. தேவமாதா இதனைப் 13ஆம் நூற்றாண்டில் அர்ச். சாமிநாதருக்கு அளித்தனர் என்பது மரபுரை. இன்றுள்ள வடிவம் படிப்படியாக அமைய, 1569ஆம் ஆண்டில் ஐந்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் அதனை உறுதிப்படுத்தினர்.

நம்மவர் 53 மணிச் செபம் எனவும், 153 மணிச் செபம் எனவும் வழங்குவர். ஐந்து பத்துக்கள் சேர்ந்து 50. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்னும் மூன்று புண்ணியங்களை வேண்டித் தொடக்கத்தில் ஓதும் மணிகள் 3. ஆக 53. பத்துக்கள் பதினைந்தாயின் 153. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தேவ இரகசியம் உண்டு. சந்தோஷம், துக்கம், மகிமை என மூவகையாக நின்ற 15 இரகசியங்களோடு, 2002ஆம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் என்னும் பாப்பரசர் ஒளியின் இரகசியங்கள் ஐந்தைச் சேர்த்தனர். இப்பொழுது அவை 20.

ஈண்டு ‘இரகசியம்’ என்னும் சொல்லைச் சிறிது ஆராய்தல் வேண்டும். பிறர் அறியாதபடி ஒளித்து வைக்கும் செய்தி என்று சிறுவர் அதற்குப் பொருள் கொள்கின்றனர். அஃதன்று. தமிழில் ‘மறை’ என்னும் சொல், மறைந்திருப்பதையும் குறிக்கும், வேதத்தையும் குறிக்கும். ஒரு முறை கண்டு முடித்துவிட இயலாத ஆழமுடையது மறை; நோக்குந்தோறும் புதிது புதிதாய்த் தோன்றுவது. செபமாலை ஓதுபவன் நோக்கவேண்டுவது அதனையே. வாய் ஓதும் பத்து மந்திரமும், மனம் அவ்வொரு காட்சியில் தங்கியிருத்தற்கு இட்ட வேலி. வேலியைக் காத்துப் பயிரை மறந்தவன் உழவனாவனோ? தியானம் நீங்கிய செபமாலை உயிர் நீங்கிய உடல் என்ற கருத்தை, ஆறாம் சின்னப்பர் என்னும் பாப்பரசரும் 1974ஆம் ஆண்டில் எழுதிய மடலில் வற்புறுத்தினர்.

நமக்கு அண்மையில் உள்ளதொன்றை உவமை கூறுவேன். பூந்தமல்லியிலிருந்து செல்லும் நெடுஞ்சாலை பரங்கிமலையை அடைகின்றது. அம்மலைமேல் தேவமாதாவின் பழைய ஆலயம் உளது. ஏறுவோர்க்கு அர்மீனிய வணிகர் பேத்ருஸ் உஸ்கான் என்பவர் 18ஆம் நூற்றாண்டிற் படிகள் அமைத்துத் தந்தனர். ஒருவன் அப்படிகளை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டே ஏறி, உச்சியை அடைந்ததும் ஆலயத்துள் நுழையாமல், சுற்றிலும் பரந்த நகரையும் நோக்காமல், எண்ணிய தொகையை மட்டும் நெஞ்சிற் கொண்டு இறங்கினால், அவனை யாதென்பீர்? விரைந்து 53 மணியும் உருட்டி முடித்தேன் என்பவனும் அவனை ஒத்தவனே.

இனி, நோக்குதல் எவ்வாறு என்பதற்கு ஒரு காட்டு. சந்தோஷ இரகசியங்களுள் இரண்டாவது, தேவமாதா எலிசபெத்தம்மாளைக் காணச் சென்றது. எலிசபெத்தம்மாள் வயது முதிர்ந்தவர், கருவுற்றிருப்பவர். இளையவராகிய மரியம்மாளோ தாமும் கருவுற்றவர். மலைநாட்டு வழியே விரைந்து சென்று ஏறக்குறைய மூன்று திங்கள் உடனிருந்தார் என லூக்காஸ் சுவிசேஷம் கூறும். தாய்மார்களே! பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் வீட்டிற்குச் சென்று உலைவைத்து, நீர் சுமந்து, துணி துவைப்பது நீங்கள் அறியாததா? அப்பத்து மணிகளை உருட்டும்போது அவ்வீட்டு வாசலை மனத்திற் காணுங்கள். பின்னர், ‘நம் உறவில் இன்று யார் தனித்திருக்கின்றனர்? யான் எவ்வாசலுக்குச் செல்லவேண்டும்?’ என்று உங்களையே வினவுங்கள். அவ்வினா எழுமாயின் செபமாலை பலித்தது என்க.

மற்றொரு செய்தி நம் இல்லங்களை நெருங்கியது. 1554ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் உரோமன் எழுத்தால் அச்சான தமிழ் நூலும், 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் தமிழெழுத்தால் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலும், ஞானோபதேசமும் மந்திரங்களும் கற்பிக்க எழுந்தவையே. தமிழ் அச்சேறியதே செபத்தோடுதான். அந்நாள் தொட்டு மந்திரங்களின் சொற்கள் மாறியே வந்துள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் நிறைவுற்ற பின்னர் மாற்றம் மிகுந்தது. பாட்டியார் ‘பிரியதத்தம்’ என்பர். பேரன் ‘அருள்’ என்பான். அவர் ‘சர்வேசுரன்’ என்பர்; அவன் ‘இறைவன்’ என்பான். மாலையில் இருவரும் ஒருங்கே ஓதத் தொடங்கிச் சொற்கள் மோத, பாட்டியார் மூலையில் தனித்து முணுமுணுக்க, பேரன் எழுந்து போய்விடுகின்றான். ஒரு சொல்லின்பொருட்டு ஒரு வீட்டின் வழிபாடு குலைவது சிறு இழப்பன்று.

பொருளுணர்ந்தால் இப்பிணக்கு நீங்கும். பிரியம் என்பது அன்பு. தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. நம் தகுதி நோக்காது அன்பினாலே தரப்பட்ட கொடை என்பது பொருள். அருள் என்பதோ அன்பு முதிர்ந்து விளைவது. வள்ளுவரும் அதனை அன்பின் மகவாகவே காட்டினர். இரு சொல்லும் ஒரு கொடையையே சுட்டுகின்றன. அன்றியும், மங்கள வார்த்தை மந்திரம் இரு பகுதியாக அமைந்தது. முற்பகுதி கபிரியேல் என்னும் தேவதூதரும் எலிசபெத்தம்மாளும் கூறிய வாழ்த்து. பிற்பகுதி திருச்சபை சேர்த்த வேண்டுதல். ஆதலின், முற்பகுதியைப் பாட்டியார் தம் பழந்தமிழிற் கூறுக. பிற்பகுதியைப் பிள்ளைகள் தம் தமிழில் விடையாகக் கூறுக. இரு தலைமுறையும் ஒரே மாலையிற் கோக்கப்படும். அப்பிற்பகுதியில் நாம் வேண்டுவது இரு பொழுதுகளுக்காக: ஒன்று இப்பொழுது, மற்றொன்று இறக்கும் பொழுது. அவ்விரண்டும் ஒன்றாகும் நாள் ஒன்று வரும். அதனை முதியோர் நன்குணர்ந்து ஓதுவதை இளையோர் கேட்டிருத்தல் பெரும்பேறு.

‘பொழுதில்லை’ என்பாரும் உளர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் முறைவேலை பார்ப்போர்க்கு மாலை ஆறு மணி வீட்டில் வாய்ப்பதில்லை, உண்மையே. முழுமையும் ஓத இருபது நிமிடம் ஆகலாம். ஒரு பத்து ஓத நான்கு நிமிடம் போதும். ஆவடியிலிருந்து மின்வண்டி ஏறுபவர்க்குக் கையில் மாலை இல்லாவிடினும் பத்து விரல் உண்டன்றோ? ஒரு விரலுக்கு ஒரு மந்திரம். பத்து விரலுக்கு ஓர் இரகசியம். பொருளுணர்ந்த பத்து, உணராத ஐம்பதினும் நன்று. ஞாயிற்றுக்கிழமையிலேனும் குடும்பத்தார் அனைவரும் கூடி முழுமையும் ஓதுக.

தமிழில் மாலை என்பது தொடுத்த மலரையும் குறிக்கும். அந்திப் பொழுதையும் குறிக்கும். வீரமாமுனிவர் தம் காப்பியத்திற்கு இட்ட ‘தேம்பாவணி’ என்னும் பெயருக்கு வாடாத மாலை எனவும் பொருள் கூறுவர். நம் வீடுகளில் அந்திதோறும் தொடுக்கும் இம்மாலையும் வாடாதிருத்தல் வேண்டும். அதற்கு நீர், பொருளுணர்ச்சியே. பெரியோர் சிறியோர்க்குச் சொற்பொருளை எடுத்துரைப்பாராக. சிறியோர் பொறுமையோடு உடனமர்வாராக.