முகூர்த்த நாளா, சாதா நாளா?

"ஒரு முழம் மல்லிகை 20 ரூபாய். அஞ்சு முழம் எவ்வளவு?" ஆண்டிபட்டிப் பக்கத்து மூன்றாம் வகுப்பு ஒன்றில் டீச்சர் போட்ட கணக்கு என்று சொல்வார்கள். நூறு என்று பதில் வந்திருந்தால் கதையே இல்லை. ஒரு சிறுமி எழுந்து, "முகூர்த்த நாளா டீச்சர், சாதா நாளா?" என்று கேட்டாளாம். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

ஆண்டிபட்டி பூ மார்க்கெட்டை அறிந்தவர்களுக்கு அவள் நியாயம் புரியும். மார்கழிப் பனியில் மொட்டு குறையும், விலை எகிறும். தையில் கல்யாணம் கூடினால் இன்னும் ஏறும். கோடையில் வரத்து பெருகினால் பறித்த கூலிகூடத் தேறாது. அஞ்சு முழமாக வாங்கினால் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள் என்பதும் பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். என்னைக் கேட்டால், டீச்சர் கேட்ட கேள்விக்குத்தான் மார்க் குறைக்க வேண்டும்.

இன்னொரு வகுப்பில் ஒரு பையனிடம் கேட்ட கணக்கு. "71-லிருந்து 5 போனா?" "66 சார்... முதல் எச்சரிக்கை!" 1959-இல் திறந்த வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66-ஐத் தொட்டதும் கரையோர ஊர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை. பையன் கழித்தலையும் செய்தான், செய்தியும் வாசித்துவிட்டான்!

இப்படிப்பட்ட பதில்களைக் காதுகொடுத்துக் கேட்ட ஒருவர் உண்டு. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன், ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து இளைஞர் பாரிஸில் பிள்ளைகளின் அறிவுத்திறன் சோதனைகளில் வேலை பார்த்தார். சரியான விடைகளைவிடத் தப்பான விடைகள்தான் அவரை இழுத்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பு செய்தார்கள். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். குழந்தைகளின் சிந்தனை பற்றி அவர் பின்னால் எழுதியதற்கெல்லாம் வித்து அங்கே விழுந்தது.

எல்லாப் பதிலிலும் ஞானம் தேட வேண்டாம். "வீட்டுப்பாட நோட்டைக் கன்னுக்குட்டி தின்னுருச்சு சார்" என்பது தப்பிக்கிற வழிதான். வீட்டில் நிஜமாகவே கன்று இருந்தால் ஒரு தடவை நம்பலாம்!

இப்போது பிள்ளைகளின் இப்படிப்பட்ட பதில்களைச் செல்போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அப்புறம், "எப்படிப்பா அப்படிச் சொன்னே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போனை மட்டும் கீழே வைத்துவிடுங்கள்.