இயற்கையைக் காக்க நிதி திரட்டுதல்



நல்ல காரியத்திற்குப் பணம் தானாக வந்து சேரும் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. தானாக வருவதில்லை. ஒருவர் முன்வந்து கேட்க வேண்டும். எதற்கென்று விளங்கச் சொல்ல வேண்டும். வாங்கிய காசுக்குக் கணக்கும் காட்ட வேண்டும். காட்டையும் ஆற்றையும் கடலையும் காக்கும் சங்கங்களுக்கு நிதி திரட்டும் பொறுப்பை ஏற்பவர் செய்ய வேண்டியது என்ன என்பதை இன்று பார்ப்போம்.

'இது படித்தவர்களும் பணக்காரர்களும் செய்யும் வேலை, நமக்கென்ன?' என்று நினைக்கலாம். 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாள் முதல், காடு இருந்த இடத்தில்தான் தோட்டங்கள் எழுந்தன. அந்த மண்ணில் நம் பாட்டன் பாட்டி காலந்தொட்டு உழைத்திருக்கிறோம். ஓடை கலங்குவதையும் மீன் குறைவதையும் முதலில் கண்டவர்கள் நாம்தாம். ஆகவே, காக்கும் பணியிலும் நமக்குப் பங்கு உண்டு.

நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மஸ்ஜித் தானா பக்கம் பாடாங் கெமுந்திங் கடற்கரையில் மீன்வள இலாகாவின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் உள்ளது. உலக இயற்கை நிதியத்தின் மலேசியக் கிளையும் மலாக்காக் கரையில் பணி செய்திருக்கிறது. அங்கே முட்டையிட வருவது அழுங்காமை. மலாய்க்காரர்கள் அதைப் 'பென்யூ சிசிக்' என்பார்கள். தீபகற்ப மலேசியாவில் இவ்வகை ஆமை மிகுதியாக முட்டையிடும் கரை மலாக்காக் கரைதான்.

பெண் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறுக்கு மேற்பட்ட முட்டைகளையும் இடும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். அது வளர்ந்து தானும் முட்டையிட இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று பிழைத்தாலே பெரிது என்பார்கள்.

இந்தக் கணக்கை நிதி திரட்டுபவர் மனத்தில் வைக்க வேண்டும். இன்று கடலில் விடும் குஞ்சு திரும்பி வரும்போது, இன்று பள்ளிக்குப் போகும் நம் பிள்ளை தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கும். அத்தனை ஆண்டுகளும் இரவில் கரையைச் சுற்றி வர ஆள் வேண்டும். முட்டைகளைப் பத்திரமாகப் புதைத்து வைக்க வேலியிட்ட இடம் வேண்டும். ஒரே ஒரு முறை ஆயிரம் வெள்ளி தருபவரைவிட, மாதம் இரண்டு வெள்ளி தவறாமல் தரும் ஐம்பது குடும்பங்கள் இப்பணிக்கு உற்ற துணை. ஐம்பது குடும்பங்கள் மாதம் நூறு வெள்ளி. ஆண்டுக்கு 1,200 வெள்ளி. அடுத்த ஆண்டும் அது வரும்.

தாமதத்தால் வரும் நட்டத்திற்கும் சான்று உண்டு. திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் 1950ஆம் ஆண்டுகளில் தோணியாமை ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் கூடுகள் இட்டது. 1961இல் மலாயா இயற்கைச் சங்கமும் மலாயாப் பல்கலைக்கழக விலங்கியலாரும் அங்கே குஞ்சு பொரிக்கும் முயற்சியில் இறங்கினர். பாலசிங்கம் என்னும் விலங்கியல் அறிஞர் அப்பணியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் காப்பாற்றிய முட்டைகளைவிடச் சந்தைக்குப் போன முட்டைகள் அதிகம். மீன் வலைகளில் சிக்கியும் ஆமைகள் மடிந்தன. இன்று அந்த ஆமை அக்கரைக்கு வருவதே அபூர்வம். நல்ல மனம் இருந்தும், கை சிறிதாக இருந்தால் போதாது என்பதை இது காட்டுகிறது.

சிறு தொகை சேர்ந்து பெருந்தொகையாவது நமக்குப் புதிதன்று. ஆங்கில முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நேரில் சென்று தொழிலாளரிடம் பேசினார். மாதம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் பால்மரம் வெட்டியவர்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அது நன்கொடையன்று, பங்குப் பணம். ஆயினும் பாடம் ஒன்றே: தலைவர் ஆளை அனுப்பாமல் தாமே வந்தார், காசு எதற்கென்று சொன்னார், சொன்னபடி கண்ணுக்குத் தெரியும் ஒன்றை வாங்கிக் காட்டினார்.

வெளிநாட்டிலும் இவ்வாறே. உலக இயற்கை நிதியம் 1961இல் தொடங்கியபோது, லண்டனின் டெய்லி மிரர் பத்திரிகை காண்டாமிருகம் அழிவதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. சில நாட்களில் வாசகர்கள் அனுப்பிய தொகை சுமார் 60,000 பவுண்டு. எல்லா விலங்கையும் பற்றிப் பொதுவாகப் பேசாமல் ஒன்றைக் காட்டிக் கேட்டதால் மனம் இளகியது. பின்னர் 1970ஆம் ஆண்டுகளில், ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் வீதம் 1,001 பேரிடம் திரட்டி, அந்த முதலின் வருவாயில் அலுவலகச் செலவை நடத்த வழி செய்தார்கள். 'நான் கொடுத்த காசு மேசை நாற்காலிக்கா போகிறது?' என்று கேட்போருக்கு அது விடையாயிற்று.

இனி, நம் தோட்டத்திலோ, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமானிலோ இப்பணியை நடத்துவது எப்படி?

முதலாவது, சட்டம். 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அல்லது பதிவுபெற்ற சங்கத்தோடு சேர்ந்து அதன் எழுத்துமூல அனுமதியுடன் செயல்பட வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமும் வேண்டும். உரிமம் இல்லாத உண்டியல் எவ்வளவு நல்ல நோக்கமுடையதானாலும் சந்தேகத்தையே வளர்க்கும்.

இரண்டாவது, தலைவரின் பெயரே நன்கொடைப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். தொகை சிறிதாக இருக்கலாம். தாம் கொடுக்காமல் பிறரைக் கேட்பவரின் சொல் ஏறாது.

மூன்றாவது, ரசீது. ஒரு வெள்ளி தந்த பாட்டிக்கும் ரசீது. ஆயிரம் வெள்ளி தந்த கடைக்காரருக்கும் ரசீது. பணத்தை வாங்குபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். காசோலையில் இருவர் கையொப்பம் இடட்டும். கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை எழுதி ஒட்டும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. அதையே இங்கும் செய்தால் போதும்.

நான்காவது, எல்லாக் கையிலிருந்தும் வாங்கக் கூடாது. ஆற்றில் கழிவை விடுபவர் தரும் பணம், நாளை நம் வாயை அடைக்கும் பணம். மறுப்பதற்கும் துணிவு வேண்டும்.

ஐந்தாவது, கடன்பட்ட வீட்டின் வாசலில் நின்று வற்புறுத்தக் கூடாது. காசு இல்லாதவர் ஒரு சனிக்கிழமை கடற்கரைக் குப்பையைப் பொறுக்கித் தரலாம். அதையும் நன்கொடைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம்.

வேலை கொஞ்சம் முன்னேறியதும் கொடுத்தவர்களிடம் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். இத்தனை கூடுகள் காக்கப்பட்டன, இத்தனை குஞ்சுகள் கடலுக்குப் போயின, இவ்வளவு காசு கையிருப்பு என்று நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் கூறுவோம். கேட்கும்போது மட்டும் வந்து, பிறகு முகம் காட்டாதவருக்கு இரண்டாம் தடவை கதவு திறக்காது.

தமிழ் பேசும் நம்மிலிருந்து இத்துறைக்குத் தலைவர் வந்ததுண்டு. பினாங்கில் எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையேற்று நடத்திய சஹாபாட் ஆலாம் மலேசியா, சரவாக் காட்டு மக்களுக்காகப் பாடுபட்டு, 1988இல் உலகப் புகழ்பெற்ற 'ரைட் லைவ்லிஹுட்' விருதில் பங்கு பெற்றது. 2019இல் மறையும் வரை அவர் பொதுப்பணியை விடவில்லை.

நேயர்களே, ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் இருக்கும் நாம் இந்த வாரம் வீட்டில் இதைப் பேசிப் பார்ப்போம். அக்கம்பக்கத்தில் நம்பிக்கைக்குரிய மூவரைத் தேர்ந்தெடுப்போம். ஒரு கணக்குப் புத்தகம், ஒரு ரசீதுப் புத்தகம், காக்க வேண்டிய ஓர் இடம். இந்த மூன்றும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.