அயலார் நடுவே உறைந்து கற்றல்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடும்பங்களைச் சார்ந்த ஆண்மக்களும் பெண்மக்களும் மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்லுதல் இந்நாளிற் பெருகிவருகின்றது. அவருட் சிலர் ஆங்குப் படிப்போடு தொண்டும் ஆற்ற விழைகின்றனர். பிறநாடுகளினின்று குடியேறிய ஏழைமக்கள் வாழும் பகுதிக்குச் சென்று, சிறுவர்க்கு எழுத்தறிவித்தும் உணவு வழங்கியும் சில வாரங்களைக் கழித்து, ஒரு சான்றிதழுடன் மீள்கின்றனர். அதனை யான் இகழ்கின்றேனல்லேன். ஆயினும், எத்துணைக் காலம் தங்கினால் அது தொண்டாகும், தொண்டு செய்யச் சென்றவர் ஆங்குக் கற்கவேண்டுவது யாது என்னும் வினாக்கள் எழாமற் போகா. இவற்றிற்கு விடைகாணும் பொருட்டுச் சிகாகோ நகரத்தில் 1889-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஓர் இல்லத்தின் வரலாற்றை எடுத்துரைக்கத் துணிந்தேன். அயலார் நடுவே நெடுநாள் உறைந்து, அவர்பால் கற்றுக்கொண்டவரே அவர்க்கு ஏதேனும் செய்ய வல்லவராவர் என்பதும், கல்லாமற் செய்யும் உதவி சிலபோது உயிர்க்கே ஊறு விளைக்கும் என்பதும் அவ்வரலாற்றால் யான் அறிந்தவை.

ஜேன் ஆடம்ஸ் என்னும் அம்மையார் 1860-ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்துச் சீடர்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் செல்வர், மாகாணச் சட்டசபையில் அங்கம் வகித்தவர், ஆபிரகாம் லிங்கனை நன்கறிந்தவர். அம்மையார் கல்லூரிப் படிப்பை முடித்த 1881-ஆம் ஆண்டிலேயே தந்தையார் காலஞ்சென்றார். மருத்துவம் பயிலப் புகுந்தவர் உடல்நலிவால் அதனைக் கைவிட்டார். கையிற் பொருளுண்டு, செய்யத்தக்க வேலையோ ஒன்றுமில்லை. அக்காலத்துச் செல்வர்வீட்டுப் பெண்களைப் போலவே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கச் சென்றார். இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில், அழுகிய காய்கறிகளை ஏலத்தில் எடுக்க ஏழைமக்கள் கைகளை உயர்த்தி நிற்பதைக் கண்டார். முட்டைக்கோசு ஒன்றைப் பெற்ற ஒருவன் அதனைக் கழுவாமலும் சமைக்காமலும் அங்கேயே தின்றனன். உயர்ந்து நின்ற அக்கைகளின் தோற்றம் அம்மையாரின் உள்ளத்தைவிட்டு அகலவேயில்லை.

பின்னர் 1888-ஆம் ஆண்டு மீண்டும் இலண்டன் சென்றபொழுது, அந்நகரின் ஒயிட்சாப்பல் பகுதியிலுள்ள டாயின்பீ மண்டபத்தைக் கண்டார். சாமுவேல் பார்னெட் என்னும் பாதிரியாரும் அவர்தம் மனைவியாரும் 1884-இல் நிறுவிய இடம் அது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிற் பயின்ற இளைஞர் ஏழைகளின் தெருவிலேயே குடியிருந்து, பகலில் தம் தொழிலைச் செய்து, மாலையில் அண்டையாரோடு பழகுவர். கற்பிப்பது போலவே கற்பதற்கும் அவர் அங்கு வருதல் வேண்டும் என்பது பார்னெட்டின் கோட்பாடு. பிற்காலத்தில் பிரிட்டானியப் பிரதமராய் நம் நாட்டின் விடுதலையோடு தொடர்புற்ற அட்லியும் இளமையில் சிறிதுகாலம் அம்மண்டபத்தின் செயலாளராய் இருந்தவரே.

ஊர் திரும்பிய அம்மையார், தம் கல்லூரித் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் கூடி, 1889 செப்டம்பரில் சிகாகோ ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையிற் குடிபுகுந்தார். சார்லஸ் ஹல் என்பவர் 1856-இல் கட்டிய வீடாதலின் அது ஹல் இல்லம் எனப் பெயர்பெற்றது. ஒருபுறம் பிணம் அடக்கஞ் செய்வார் கடை, மறுபுறம் மதுக்கடை. அக்காலத்தில் சிகாகோவின் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் பிறநாட்டிற் பிறந்தவர்கள். ஹல் இல்லத்தைச் சூழ இத்தாலியர், ஜெர்மானியர், போகீமியர், ஐரிஷ் மக்கள், போலந்து உருசிய நாடுகளினின்று வந்த யூதர் முதலியோர் நெருங்கி வாழ்ந்தனர்.

புதிதாகக் குடிபுகுந்த அம்மையார் இருவரும் முதற்கண் செய்தது நகைப்பிற்கிடமானது. ஜார்ஜ் எலியட் எழுதிய, இத்தாலிய நாட்டைக் களனாகவுடைய, ஒரு நாவலை அண்டைவீட்டுப் பெண்டிர்க்குப் படித்துக் காட்டத் தொடங்கினர்! பெண்டிர் வந்தனர் என்பது உண்மையே. எனினும் அவர்கள் கேட்ட உதவி வேறு. பிறந்த குழவியை நீராட்டவும், நோயுற்றாரைப் பேணவும், இறந்தாரைக் கிடத்தவும், வேலைக்குச் செல்வார்தம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் அழைப்பு வந்தவண்ணமிருந்தது. அழைத்த இடத்திற்கெல்லாம் சென்றனர். சென்ற இடமெல்லாம் பள்ளிக்கூடமாயிற்று.

முதற் கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது நிகழ்ந்தது ஒன்று கூறுவல். வந்த சிறுமியர்க்கு மிட்டாய் வழங்கினர். சிலர் அதனைத் தொடவும் மறுத்தனர். காரணம் வினவியபொழுது, தாம் ஆறு வாரமாக மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணிவரை வேலை செய்ததாகவும், அதனைப் பார்க்கவும் பொறுக்கவில்லை என்றும் உரைத்தனர். கொடுத்துவிட்டு அன்றே ஊர் திரும்பும் விருந்தினராயிருப்பின், அச்சிறுமியரை நாணமுடையவர் என்றோ நன்றியற்றவர் என்றோ எண்ணிப் போயிருப்பர். இவர்களோ அத்தெருவிலேயே இருந்தவர்கள். 1891-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வில்லத்திற்கு வந்துசேர்ந்த பிளாரன்ஸ் கெல்லி என்னும் அம்மையார், வீடுவீடாய்ச் சென்று தையற்றொழில் முதலியவற்றில் உழலும் பெண்டிர் சிறுவர் நிலையை ஆராய்ந்தனர். 1893-இல் இல்லினாய் மாகாணம், பதினான்கு வயதிற்குட்பட்டாரைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது எனச் சட்டமியற்றியது. கெல்லி அம்மையாரே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராய் அமர்ந்தார். பெண்டிர்க்கு எட்டுமணி நேர வேலை என்ற பகுதியை மட்டும் நீதிமன்றம் 1895-இல் தள்ளிவிட்டது.

இனி, கற்க மறுத்தவிடத்து நேர்ந்ததைக் கூறுதலும் கடனாகும். விஞ்ஞான முறையிற் சமைத்த சத்துணவை மலிவாய் விற்க ஒரு பொதுச் சமையற்கூடம் அமைத்தனர். அண்டையார் வாங்கவில்லை. சத்துள்ளதோ இல்லையோ, தமக்குப் பழகியதையும் பிடித்ததையுமே உண்போம் என்றனர். இத்தாலிய வயிறும் போகீமிய வயிறும் ஒரே கணக்கிற்கு அடங்குமோ? பின்னர் அவ்விடம் காப்பிக்கடையாக மாறி, மக்கள் கூடிப் பேசுமிடமாயிற்று. இது சிறு நட்டமே.

மற்றொன்று சிறிதன்று. 1893-ஆம் ஆண்டின் பொருள்முடைக் குளிர்காலத்தில், கணக்குவேலை இழந்த ஒருவர் உதவி நாடிப் பலமுறை வந்தார். வேலை கிடைக்குமாயின் உதவி வழங்கலாகாதென்பது அறநிலையங்களின் விதி. கால்வாய் வெட்டும் வேலை கிடைக்கின்றது என ஆடம்ஸ் அம்மையார் எடுத்துக்காட்டினார். தாம் எந்நாளும் வீட்டினுள்ளிருந்தே வேலை செய்தவர், குளிரில் வெளிவேலை தமக்கு ஆகாது என அவர் சொன்னார். அம்மையார் கடிந்துகொள்ளவில்லை, ஆயினும் விதியை விடவுமில்லை. அம்மனிதர் மீண்டும் உதவி கேட்டு வரவில்லை. இரண்டு நாள் மண்வெட்டினார், நிமோனியா கண்டது, ஒரு வாரத்தில் இறந்தார். அவர்தம் சிறு மக்கள் இருவரையும் அம்மையார் பின் எந்நாளும் கண்காணித்து வந்தார். இந்நிகழ்ச்சியைத் தம் வரலாற்றில் மறையாது எழுதிவைத்தவரும் அவரே. ஒருவர் வாழ்வை அறியாமல் விதிகொண்டு நடத்த முடியாதென்பதை ஓர் உயிரின் விலைகொடுத்துக் கற்றார். இதனைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு நடுங்கும். மாணாக்கரைப் புத்தக விதியால் அளக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் இஃது உறைக்கவேண்டுவதே.

குப்பை அள்ளுதலையும் அவர் இழிவெனக் கருதினாரில்லை. தெருக்களிற் குவிந்த அழுகலே குழந்தைகளின் சாவிற்குக் காரணமென உணர்ந்து, நகராட்சியோடு வாதாடி, 1895-இல் தம் வட்டாரத்தின் குப்பை ஆய்வாளர் பதவியைப் பெற்றார். வைகறையில் எழுந்து வண்டிகளின் பின்னே சென்றார். ஒரு சிறு தெருவிற் குப்பையை வாரியபொழுது 18 அங்குல ஆழத்திற்குக் கீழே கல்பாவிய பாட்டை வெளிப்பட்டது! அத்தெருவில் வாழ்ந்த இத்தாலியர் பெரிதும் வியக்கவில்லை. புதைந்த நகரங்களைத் தோண்டியெடுத்தல் அவர் நாட்டில் வழக்கந்தானே என்று அம்மையார் வேடிக்கையாகக் குறித்துள்ளார். இறப்பு விகிதத்தில் நகரத்து வட்டாரங்களுள் மூன்றாமிடத்திலிருந்த அவ்வட்டாரம் ஏழாமிடத்திற்கு இறங்கியது.

குடியேறியவர் இல்லங்களில் மற்றொரு துன்பத்தையும் அவர் கண்டார். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் கற்று அமெரிக்கராயினர்; தாயின் முக்காடும் நாட்டுப்புற உடையும் அவர்க்கு நாணத்தைத் தந்தன. (தாய்மார்களே, இந்நோய் நமக்கும் புதிதன்று.) 1900-இல் ஹல் இல்லத்தில் தொழிற் காட்சிச்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. பல நாட்டு மூதாட்டியர் ஆங்குத் தத்தம் நாட்டு முறையில் நூல் நூற்றும் நெய்தும் காட்டுவர். ஆஞ்சலீனா என்னும் இத்தாலியப் பெண் சமையல் வகுப்பிற்கு வரும் நாளிலேயே அவள் தாய் தக்களியில் நூற்கவும் வருவாள். மகள் தாயுடன் வாராது வேறு வாயில் வழியே புகுவாள். ஒருநாள், கல்வித்துறையைச் சார்ந்த விருந்தினர் தாயைச் சூழ்ந்து நின்று வியந்து பாராட்டுவதை மகள் கண்டாள். தக்களியில் நூற்பதில் தன் தாய் அமெரிக்காவிலேயே சிறந்தவளென்று கேட்டறிந்தாள். பெட்டியில் ஒளித்துவைக்கச் செய்திருந்த கைத்தறி ஆடைகளை வெளியே எடுக்க இசைந்தாள். அதன்பின் இருவரும் ஒரே வாயில் வழியே புகுந்தனர்.

இவ்வில்லத்தில் உறைந்தோர் கூலி பெற்றவரல்லர். தம் உணவிற்கும் அறைக்கும் தாமே பொருள் செலுத்தினர். மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1897 முதல் இருபத்திரண்டாண்டு ஆங்கு வாழ்ந்து, அண்டையிலுள்ள தொழிலாளரைக் கண்டு, ஈயநஞ்சு முதலிய தொழில்நோய்களை ஆராய்ந்து, 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதற் பெண் ஆசிரியராயினார். ஆடம்ஸ் அம்மையாரோ 1935-இல் இறக்குந்துணையும் அவ்வில்லத்தையே தம் வீடாகக் கொண்டவர். இடையே 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தது.

அவர்க்குப் பின்னிகழ்ந்ததையும் மறைத்தல் கூடாது. 1961-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திற்காக அத்தெருக்களை இடிக்க நகராட்சி முடிவுசெய்தது. ஹல் இல்லத்தின் அறங்காவலர் குழு விற்பனைக்கு இசைந்தது. எதிர்த்து நின்றவர் யார்? இத்தாலியத் தையற்காரர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, சிறுமியாய் ஹல் இல்லத்திற்குச் சென்று வளர்ந்த பிளாரன்ஸ் ஸ்காலா என்பவர். அண்டையிலுள்ள பெண்டிரைத் திரட்டி நகரத்தலைவரின் அலுவலகத்திற் சென்று அமர்ந்தார், நீதிமன்றம் ஏறினார், 1963-இல் தோற்றார். பதின்மூன்று கட்டடங்களுள் பழைய மாளிகையும் உணவுக்கூடமுமே எஞ்சின. வேறிடங்களிற் பணியைத் தொடர்ந்த சங்கமும் 2012-இல் பொருளின்றி மூடப்பட்டது. எஞ்சிய மாளிகை இன்று அப்பல்கலைக்கழகத்தில் காட்சிச்சாலையாக உள்ளது. சிகாகோவிற்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் ஹால்ஸ்டெட் தெருவில் அதனைக் காணலாம்.