விசாரணைக்கு முன்பே தீர்ப்பா?

(திருப்பூரில் இளைஞர்களும் வியாபாரிகளும் திரண்டிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருப்பூர் பார்சலால் வாழும் ஊர். காதர்பேட்டைக் கடைகளிலிருந்து நாள் தவறாமல் பண்டல்கள் கிளம்புகின்றன. அனுப்புகிறவரின் முகத்தை வாங்குகிறவர் பார்த்திருக்க மாட்டார். பண்டலின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பித்தான் வியாபாரம் நடக்கிறது. அந்தப் பெயரே சந்தேகத்துக்கு உள்ளானால் என்ன ஆகும்? அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் பறிபோயின. 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அன்று திருப்பூர் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. நான் மதரஸா மாணவன். சில நாட்கள் கழித்து எங்கள் மஹல்லா வியாபாரி ஒருவருடன் லாரி ஆபீசுக்குப் போனேன். பண்டலில் இருந்த பெயரைப் படித்ததும் அங்கிருந்தவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். "பிரிச்சுக் காட்டுங்க பாய்" என்றார். கூட்டம் கூடிவிட்டது. தையலைப் பிரித்தோம். உள்ளே இருந்தது பனியன். "எல்லாம் இவனுங்க வேலைதான்" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அந்த வியாபாரி தலைகுனிந்தபடியே மறுபடி தைத்தார்.

அன்றிரவு இஷாத் தொழுகை முடிந்ததும் அதே வியாபாரி பள்ளிவாசல் முற்றத்தில் அடித்துச் சொன்னார்: "நம்ம ஆளுங்க யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க. இது எதிரிகளோட சதி." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

சிந்தித்துப் பாருங்கள்! காலையில் விசாரணை இல்லாமல் குற்றவாளி ஆக்கப்பட்டவர், இரவில் விசாரணை இல்லாமல் வேறு யாரையோ குற்றவாளி ஆக்குகிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரு தரப்பு யூகங்களும் பொய்த்தன

கோவை வழக்கில் 2007இல்தான் தீர்ப்பு வந்தது. விசாரிக்கப்பட்ட 166 பேரில் 158 பேர் பல்வேறு குற்றச்சாட்டுகளில் குற்றவாளிகள் என்று தனி நீதிமன்றம் அறிவித்தது. அல்-உம்மா நிறுவனர் பாஷாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. "நம்மவர் யாருமில்லை" என்று பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னது பொய்த்துப் போனது. இதை ஒப்புக்கொள்ள நாம் வெட்கப்படக் கூடாது. அப்பாவிகளைக் கொல்வதை இஸ்லாம் ஒருபோதும் அனுமதிக்கவில்லை. கொன்றவன் பெயர் எதுவாக இருந்தாலும் அவன் கொலைகாரனே!

அதே தீர்ப்பில் 8 பேர் முழுமையாக விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கேரளத் தலைவர் அப்துல் நாசர் மஅதனி. 1998இல் கைதான அவர் 9 ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்த பிறகே குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. "எல்லாம் இவனுங்கதான்" என்ற லாரி ஆபீஸ் குரலும் பொய்த்துப் போனது.

மாலேகானைப் பாருங்கள். 2006 செப்டம்பர் 8, பராஅத் நாளில் பள்ளிவாசலையொட்டிய கப்ருஸ்தானில் குண்டுகள் வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செத்தவர்கள் முஸ்லிம்கள், கைதான 9 பேரும் முஸ்லிம்கள். 2016இல் நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. ஒருவர் அதைக் காண உயிரோடு இல்லை.

தென்காசியை மறந்துவிட்டோமா? 2008 ஜனவரி 24 அன்று ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தது. செய்தி கேட்டதும் பலருடைய பார்வை எந்தப் பக்கம் திரும்பியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் காவல்துறை கைது செய்தது இந்து அமைப்பைச் சேர்ந்தவர்களை. இங்கேயும் நாம் நீதியோடு பேச வேண்டும். கைது என்பது தீர்ப்பு அல்ல. நமக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டம் என்று இருக்க முடியாது.

யூகம் உயிரையும் பறிக்கும்

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2018 மார்ச் 2 அன்று வீட்டு வாசலில் கிடந்த பார்சல் வெடித்து ஒரு கறுப்பினத்தவர் இறந்தார். அவரே குண்டு செய்து அதில் மாட்டிக்கொண்டாரோ என்ற கோணத்திலும் போலீஸ் யோசித்தது. ஊருக்கு ஆபத்தில்லை என்றது. 10 நாள் கழித்து ஒரே நாளில் மேலும் 2 பார்சல்கள் வெடித்தன. 17 வயதுச் சிறுவன் இறந்தான். அதன் பிறகுதான் தெரியாத பார்சலைத் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கை ஊருக்கு வந்தது.

பிறகு பிடிபட்டது எப்படி? யாருடைய யூகத்தாலும் அல்ல. கூரியர் கடையின் கேமராப் பதிவு, கடைகளில் வாங்கிய பொருட்களின் விவரம் இவற்றைப் பொறுமையாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அதே பகுதியைச் சேர்ந்த 23 வயது இளைஞன்தான் குற்றவாளி. போலீஸ் நெருங்கியபோது மார்ச் 21இல் அவன் தன் குண்டாலேயே செத்தான்.

வதந்தியின் விலை என்னவென்று நம் ஊருக்குத் தெரியாதா? 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அதிகாரிகள் குழு திருப்பூர்வரை வந்து விசாரித்த பிறகே உண்மை தெளிவானது. கைபேசியில் ஒரு விரல் அழுத்தியதன் விளைவு அது!

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே! குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தால் முதலில் கொலையைக் கண்டியுங்கள். ரத்தம் கொடுக்க மருத்துவமனைக்கு ஓடுங்கள். "யார் செய்தது" என்ற கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்லப் பழகுங்கள். யாருடைய பெயரையும் படத்தையும் பரப்பாதீர்கள். கண்ணால் கண்டது ஏதாவது இருந்தால் தெருவில் பேசாதீர்கள், காவல்துறையிடம் சொல்லுங்கள்.

விசாரணைக்கு அழைத்தால் ஓடி ஒளியாதீர்கள். ஜமாஅத்துக்குத் தெரிவித்து, வழக்கறிஞரோடு போங்கள். தடுப்புக் காவல் தவிர, கைதான எவரையும் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. கைதானால் உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இவற்றைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

வியாபாரிகளே! பில் இல்லாமல் சரக்கு அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாதவர் பண்டலை உங்கள் பெயரில் புக் செய்யாதீர்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடாமல் 112க்குத் தகவல் சொல்லுங்கள். கேமராப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள். நாளை உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் பதிவும் பில்லும்தான்.

சகோதரர்களே! அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது ஏறக்குறைய ஒரு மாதம் மதீனா கொந்தளித்தது. நபி (ஸல்) அவர்களின் குடும்பமே அந்த வேதனையை அனுபவித்தது. கிளப்பியவன் நயவஞ்சகன்தான். ஆனால் அதை வாய்க்கு வாய் பரப்பியவர்களில் நல்ல முஸ்லிம்களும் இருந்தார்கள்! இறைவன் அவர்களையும் கண்டித்தான். செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் நமக்கு இடும் கட்டளை. அது மற்றவர்களுக்கு மட்டும் வந்ததா?

எங்கள் பண்டலைச் சந்தேகிக்காதே என்று உலகத்திடம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன் அடுத்தவன் பண்டலைப் பிரிக்காமலே அதற்குள் இருப்பது இன்னதென்று சொல்லும் நம் நாக்கை அடக்குவோம்.

வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக!