மாறி வரும் கடலும் நம் மக்களின் பிழைப்பும்

(யூபிலி ஆண்டுக் கருத்தரங்கில் நம் பங்கின் மீனவர் குழு சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



இந்தக் கருத்தரங்கில் எதைப்பற்றிப் பேசலாம் என்று நாங்கள் கூடியிருந்து யோசித்தபோது, "கோவில் கட்டிய வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றனர் சிலர். அதைச் சொல்ல நம்மிடையே முதியோர் பலர் இருக்கின்றனர். எங்களைவிடச் சுவையாகவும் சொல்வார்கள். நாங்கள் கடலைப்பற்றியே பேச வந்திருக்கிறோம். இக்கோவிலின் கல்லும் மரமும் வானத்திலிருந்து விழவில்லை. பிடித்த மீனில் கோவிலுக்கென்று நம் பாட்டன்மார் எடுத்துவைத்த பங்கு அல்லவா அவை? அந்தக் கடல் இன்று எப்படியிருக்கிறது என்று யூபிலி ஆண்டிலாவது ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டாமா?

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோவில் முற்றத்துக்குக் கீழே எவ்வளவு மணல் கிடந்தது என்று கை நீட்டிக் காட்டுவார்கள். கட்டுமரங்களைப் பிரித்துக் காயப்போட்டது அந்த மணலில்தான். நெத்திலியும் சாளையும் உலர்ந்தது, வலை பொத்தியது, பிள்ளைகள் பந்து விளையாடியது, மாலையில் பெரியவர்கள் கூடியிருந்து ஊர் வழக்கைத் தீர்த்தது எல்லாம் அங்கேதான். இன்று அந்த இடத்தில் கருங்கல் கிடக்கிறது. கல்லுக்கு அப்பால் அலை.

இந்த மணல் போனதால் முதலில் செத்த தொழில் கரைமடி. கரைமடிக்குக் கடல் மட்டும் போதாது, கரை வேண்டும். இரு பக்கமும் கயிறு பிடித்து, பின்னோக்கி நடந்து இழுக்க இடம் வேண்டும். ஆழ்கடலுக்குப் போக உடம்பில் தெம்பில்லாத முதியவரும், பள்ளி விட்டு வந்த பையனும், வீட்டில் ஆண் துணையற்ற தாயும் அந்தக் கயிற்றில் கை வைத்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அரசு தரும் முதியோர் உதவித்தொகைக்கு முன்னரே நம் ஊரில் இருந்த உதவித்தொகை அதுதான். அதை எவரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை. நிற்க மணல் இல்லாததால் நின்றுபோயிற்று.

கருவாட்டின் கதையும் அதுவே. மணல் போனபின் நம் தாய்மார் மாடியிலும் சாலையோரத்திலும் மீன் உலர்த்துகிறார்கள். எதிர்பாராத மாதத்தில் ஒரு மழை வந்தால் ஒரு வாரத்து முதல் அப்படியே அழுகிப்போகிறது. மீனவர் நிவாரணம் என்று சொல்லும்போதெல்லாம் படகையும் வலையையும் எண்ணுகிறார்களே தவிர, இந்தத் தாய்மாரின் கூடையை எண்ணுவார் இல்லை.

மணல் ஏன் போயிற்று? எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போட்டுவிட நாங்கள் விரும்பவில்லை. ஆற்று மணலை அள்ளினோம், அணை கட்டினோம், கடலுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. துறைமுகத்துக்கென்றும் தூண்டில் வளைவுக்கென்றும் கல்லைக் கடலுக்குள் நீட்டினோம். ஒரு பக்கம் மணல் சேர்ந்தது, மறுபக்கத்து ஊர் அறுபட்டது. தன் ஊருக்குத் தூண்டில் வளைவு கேட்டு மனுக் கொடுக்காத ஊர் நம் கரையில் உண்டா? நாமும் கொடுத்தவர்கள்தாம். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை கரையை அளந்து பார்த்ததில், தமிழ்நாட்டுக் கரையில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் அரிக்கப்பட்டு வருவதாகக் கண்டிருக்கிறது. இப்படி ஏற்கெனவே நைந்துபோன கரையின்மேல்தான், உயர்ந்து வரும் கடல் வந்து மோதுகிறது.

நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் உலகம் சூடேறி வருகிறது என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மிகை வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கடல்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. வெயிலில் வைத்த நீர் விரிவதுபோல் சூடேறிய கடல் விரிகிறது. துருவத்துப் பனியும் மலைப் பனியும் உருகி அதனோடு சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பது ஐ.நா. சார்ந்த அறிஞர் குழுவின் கணக்கு. "ஒரு சாண்தானே!" என்று நம்மவர் ஒருவர் கேட்டார். தாழ்ந்த கரையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சாண் பெரிதில்லைதான். ஆனால் ஒவ்வோர் அலையும் அந்த ஒரு சாண் உயரத்தின்மேல் ஏறிநின்று வருகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் கடலின் சூடு வேறொரு சங்கதி. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பம் சராசரி 1 டிகிரி கூடியிருப்பதாக நம் நாட்டுப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. மனிதனுக்கு ஒரு டிகிரி காய்ச்சல் என்றால் படுத்துவிடுகிறான். மீன் படுப்பதில்லை, இடம் மாறுகிறது.

சாளையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கரையோரத்து மேல்நீர் விலகி, ஆழத்திலிருந்து குளிர்ந்த சத்துள்ள நீர் மேலே வரும். அதில் நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சாளைக் கூட்டம் வரும். ஏழையின் சட்டியை நிரப்பிய மீன் அது. ஒரு காலத்தில் பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கரைகளோடு நின்ற நெய்ச்சாளை, கடல் சூடேற ஏற வடக்கேயும், குமரிமுனையைச் சுற்றித் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையிலும் பரவிற்று. அங்குள்ளோர்க்கு ஆதாயமாயிற்றே என்று மகிழலாம். ஆனால் அதன் சொந்தக் கடலில் நடந்ததைக் கேளுங்கள். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்ட நெய்ச்சாளை, 2021இல் 3,300 டன் அளவுக்கு விழுந்தது. பின்னர் மீண்டும் பெருகியது. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு எந்த மீனவன் வட்டிக்கு வாங்கிய வலைக்குக் கணக்குப் போடுவான்?

இங்கேயும் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். விரல் நீளம்கூட வளராத குஞ்சு மீனை வாரி, மீன்மாவு ஆலைக்கு எடைக்குப் போடுகிறவர்கள் வேற்று நாட்டார் அல்லர். கடல் சூடேறுவதை நாம் தனியே நிறுத்த முடியாது. வலைக்கண்ணைப் பெரிதாக்க நம்மால் முடியும்.

அடுத்துக் காற்று. 2017 நவம்பர் இறுதியை இங்கே எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 29ஆம் தேதி இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகி நின்றது. சூடான கடல் புயலுக்குத் தீனி. தீனி மிகுந்தால் அது ஒரே நாளில் பெருத்துவிடும் என்கிறார்கள் அறிஞர்கள். ஒரு புயலை மட்டும் பிடித்து, இது இந்தக் காரணத்தால் வந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் 2021 மே மாதத்து டவ்தே, 2023 ஜூன் மாதத்து பிபர்ஜாய் என்று அரபிக்கடலில் கொடும் புயல்கள் அடுத்தடுத்து வருவதை நாம் காண்கிறோம். கச்சானும் கொண்டலும் எந்த மாதம் வீசும், எந்த மாதம் அடங்கும் என்று அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இப்போது பல நாள் பொய்க்கிறது.

ஒக்கியில் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. எச்சரிக்கை வருமுன்னரே பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போனவர்களிடம் அதைச் சேர்க்க வழியில்லை. அந்நாட்களில் எங்களில் சிலர் கையில் தாளும் பேனாவுமாக வீடு வீடாய் ஏறியிறங்கினோம். எந்தப் படகில் யார் போனார், எத்தனை பேர் போனார் என்ற கணக்கு ஓரிடத்திலும் முழுமையாக இல்லை. வேறு மாநிலத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட படகுகளின் விவரம் அறவே இல்லை. பெயரைக் கேட்டால், "அவன் போன படகு எதுவென்று தெரியாதே" என்று அழுத தாயின் முகம் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

கள்ளக்கடலைப்பற்றியும் இரண்டு வார்த்தை. காற்றுமில்லை, மழையுமில்லை, வானம் தெளிந்திருக்கும். கடல் மட்டும் திருடன்போல் வீட்டுக்குள் வரும். தொலைவிலே, தென்கோடிப் பெருங்கடலில் எழும் புயல் அனுப்பும் நீண்ட அலை அது. நம் கரையிலும் கேரளக் கரையிலும் வழங்கும் இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. நம் கரையில் 2024 மே மாதம் கடலில் கால் நனைக்க வந்த இளம் மருத்துவர்கள் ஐவரை ஒரே நாளில் கொண்டுபோனது அத்தகைய அலைதான். இந்த அலை முன்பும் வந்தது. முன்பு அதை வாங்கிக்கொள்ள மணல் இருந்தது. 2004 சுனாமியையும் இதையும் சிலர் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். அது நிலநடுக்கத்தால் வந்தது, இது வேறு.

இப்போது ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் முன்கூட்டியே அலை எச்சரிக்கை தருகிறது. நல்லதே. ஆனால் "கடலுக்குப் போகவேண்டாம்" என்று அறிவிக்கும் ஒவ்வொரு நாளும் அடுப்புக்கு ஓய்வு நாள். விசைப்படகுகளுக்கு ஆண்டில் 61 நாள் தடைக்காலம் ஏற்கெனவே உண்டு. அதற்கு ஓர் உதவித்தொகையும் உண்டு. எச்சரிக்கை நாட்களுக்கு என்ன உண்டு? கூலியில்லாத எச்சரிக்கையை மீறித்தான் சில இளைஞர்கள் போகிறார்கள். போகாதே என்று தடுக்க எங்களுக்கு நா எழவில்லை. ஆகவே எச்சரிக்கை நாளுக்கும் ஈட்டுத்தொகை வேண்டும் என்று கேட்கும் மனுவை எழுதி வைத்திருக்கிறோம். மீன் விற்கும், கருவாடு போடும் பெண்களின் பெயரையும் அதில் சேர்த்திருக்கிறோம். பொறுத்தருளி எல்லோரும் கையொப்பமிடுங்கள்.

மனுவுக்கு மறுமொழி எப்போது வருமோ! நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பங்கு அலுவலகத்தில் ஒரு தடித்த பதிவேடு வாங்கி வைத்திருக்கிறோம். படகின் பெயரும் எண்ணும், புறப்படும் துறைமுகம், உடன் போவோர் பெயர், வீட்டாரின் தொலைபேசி எண், திரும்பும் நாள் ஆகியவற்றுக்குக் கட்டம் கட்டியிருக்கிறோம். கொச்சியிலிருந்து போனாலும் மங்களூரிலிருந்து போனாலும், போகிறவரின் வீட்டார் வந்து எழுதிவிட்டுப் போகவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க மாலை 5 முதல் 7 மணி வரை எங்களில் ஒருவர் அங்கே இருப்பார். வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தவுடன் தொடங்குகிறோம். இப்போது கடலில் இருப்பவர்களின் பெயர்களை முதலில் எழுதுவோம்.